தடம் தெரியாமல் பூசியவர்

பிரான்சின் சேன் ஆறு கடலை அடையுமுன் கடைசியாக வளைந்து செல்லும் கரையில் இருக்கிறது எங்கள் நகரம். ரெமி துபோக் வண்ணம் பூசாத கதவுகள் இங்கே குறைவு. நகராட்சி அலுவலகத்தின் வாயிற்கதவு, தபால் நிலையத்தின் சன்னல்கள், நான் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படிக் கைப்பிடி ஆகிய யாவும் அவர் கைபட்டவையே. ஆயினும், கைபட்டவை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பூசியவனின் கை எங்கும் தெரியக்கூடாது என்பதுதான் அவர் கற்ற தொழிலின் முதற்பாடம். அதுவே அவருடைய பெருமிதமாகவும் இருந்தது.

அவருடைய தந்தை ஆற்றுமணல் ஏற்றும் படகில் வேலை பார்த்தவர். படிப்பில் நாட்டம் கொள்ளாத மகனை ஓசூ என்னும் வண்ணப்பூச்சு முதலாளியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஓசூ கண்களை நம்பாத மனிதர். பூச்சு உலர்ந்த கதவின்முன் விழிகளை மூடிக்கொண்டு நின்று, புறங்கையை மேலிருந்து கீழாக மெல்ல இழுத்துப் பார்ப்பார். தூரிகை சென்ற வழியில் ஒரு மேடோ, ஒட்டிக்கொண்ட ஒரு முடியோ தட்டுப்பட்டால் உப்புத்தாளை எடுத்து ரெமியின் கையில் வைத்துவிடுவார்.

“முடி வேணும்னா சலூனுக்குப் போறேன்டா. கதவுல எனக்கு எதுக்கு?” என்பார்.

கதவு முழுவதையும் தேய்த்தெடுத்து, பட்டி பார்த்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். அப்படிப் பழகிய கை ரெமியுடையது. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, அகலமான மென்மயிர்த் தூரிகையைக் கீழிருந்து மேலாக ஒருமுறை, மூச்சு விடுவதைப்போல இழுத்துவிடுவார். அத்துடன் கோடுகள் எல்லாம் மறைந்து, கதவு குளத்துநீரைப்போல அமைதியாகிவிடும்.

அர்லெத்தை அவர் சந்தித்ததும் ஒரு கதவின் முன்புதான். தொடக்கப் பள்ளியின் உணவுக்கூடத்தில் அவள் சமையற்காரியாகச் சேர்ந்திருந்தாள். ஈஸ்டர் விடுமுறையில் சமையலறைக்கு வண்ணம் பூச ரெமி வந்தார். ஈரமான கதவின்மேல் அவள் முழங்கை பட்டுவிட்டது. அவர் அந்த இடத்தைச் சரிசெய்தார். மறுநாள் அதே இடத்தில் அதே முழங்கைத் தடம் இருந்தது. மூன்றாம் நாளும் இருந்தது. அதன்பிறகு அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் பெயரைக் கேட்டார்.

திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்து, நகர அருங்காட்சியகத்தின் மேல்மாடிக் கூடத்தைப் புதுப்பித்தார்கள். விரைந்த தீற்றல்களால் வரைந்த இம்ப்ரஷனிஸ்ட் ஓவியங்கள் இருக்கும் கூடம் அது. படங்கள் அனைத்தையும் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டுச் சுவர்களுக்குப் புறாச்சாம்பல் நிறம் பூசும் வேலையை ரெமியிடம் கொடுத்தார்கள். வெறுஞ்சுவர்களோடு அவர் ஒரு கோடைக்காலம் முழுவதும் வாழ்ந்தார். கூடத்தைத் திறந்த நாளில் வேலை செய்தவர்களைக் குடும்பத்தோடு அழைத்து, ஆளுக்கொரு கோப்பை ஆப்பிள் மது கொடுத்தார்கள்.

ரெமி நேராகச் சுவர்களிடம் போனார். மூலைகளைப் பார்த்தார், கூரையோடு சுவர் சேரும் கோட்டைப் பார்த்தார், மனம் நிறைந்தார். அர்லெத்தோ ஒரு படத்தின்முன் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். வெண்பனி மூடிய ஒரு படகுத்துறை. கரையோரம் கட்டிக்கிடக்கும் சரக்குப்படகுகள். தோளில் எதையோ சுமந்து செல்லும் ஒருவன். எங்கள் கரைக்கு வந்து தங்கிய ஓவியர்களுள் பெரிய பெயர் எடுக்காத ஒருவர் வரைந்த படம் அது.

ரெமி அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். பிறகு, கூடம் முழுவதும் கேட்கும்படி, “அட, பிரைமரோட நிறுத்திட்டான் பாரு! அடுத்த கோட்டிங் எப்பவாம்?” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். மேயர்கூடச் சிரித்தார். அர்லெத் மட்டும் திரும்பவில்லை.

“நாள் பூரா ஆவியில வேகுறவ நான். இதுக்கு முன்னால நின்னா முகத்துல காத்து அடிக்குது. நீ போய் உன் சுவரைப் பாரு, போ” என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் அவரை அந்தக் கூடத்துக்கு அழைத்துச் செல்லவில்லை. நுழைவுக் கட்டணம் இல்லாத, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் படியேறுவாள். அவர் எதிரே இருக்கும் காப்பிக்கடையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு காத்திருப்பார். ஒருவர்மேல் ஒருவர் கோபமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், சாப்பாட்டு மேசையருகே இருந்த நீளச்சுவர் காலியாகவே கிடந்தது. ரெமி அங்கே ஒரு கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், இறக்கச் சொன்னாள். கறிக்கடைக்காரர் கொடுத்த நாட்காட்டியை மாட்டினார். அதையும் இறக்கச் சொன்னாள்.

“அங்க என்ன மாட்டணும்னு எனக்குத் தெரியும். அது கிடைக்காது. அதனாலதான் காலியா இருக்கு” என்பாள்.

இவற்றையெல்லாம் எனக்குச் சொன்னவர்கள் அவர்கள் இருவருமே. நான் அவர்களோடு பழகத் தொடங்கியது ரெமி ஓய்வுபெற்ற பிறகுதான். அந்த ஆண்டில் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. மேல்மாடிக் கூடத்து ஓவியங்கள் ஈஸ்டருக்குமுன் பெட்டிகளில் ஏறி, ஜப்பானுக்கும் அதைத் தாண்டிய ஊர்களுக்கும் கண்காட்சிக்காகச் செல்லும். திரும்புவதற்கு ஆண்டுகள் ஆகும். செய்தித்தாளில் அதைப் படித்துக் காட்டியபோது அர்லெத் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள் என்றும், மேற்கொண்டு சாப்பிடவில்லை என்றும் ரெமி என்னிடம் சொன்னார்.

“உன் பனியை நானே போட்டுத் தர்றேன். நல்ல கித்தான் துணியில, முழுசா முடிச்சு. மூணு கோட்டிங்” என்று அவர் அறிவித்தார்.

“முழுசா முடிச்சா அது இந்தச் சுவர்ல ஏறாது, இப்பவே சொல்லிட்டேன்” என்றாள் அர்லெத்.

“பின்ன, பாதியில விடவா? அப்படியொரு வேலை நான் செஞ்சதே இல்லையே.”

“அதான் பயமா இருக்கு.”

குளிர்காலத்தில், வருகையாளர் குறைவாக இருக்கும் வாரநாட்களில், ஓவியங்களைப் பார்த்துப் படியெடுப்பவர்களை அருங்காட்சியகம் அனுமதிக்கும். படி மூலத்தின் அளவில் இருக்கக்கூடாது. பெரியதாகவோ சிறியதாகவோ இருக்க வேண்டும். கித்தானின் பின்புறம் முத்திரை குத்தித் தருவார்கள். ஒரு தவணைக்கு ஒரு கித்தான்தான். அந்தக் கூடத்தில் அப்போது நான் ஒரு தட்டு நிறைய இருக்கும் பீச் பழங்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே, ரெமி வந்து சேர்ந்த காலையை என் கண்களாலேயே பார்த்தேன்.

இஸ்திரி போட்ட வெள்ளைத் தொழிலாடையும், செய்தித்தாளில் மடித்த தொப்பியுமாக வந்தார். முதல் வேலையாகத் தரையில் பெரிய துணியொன்றை விரித்து, ஓரங்களைக் காகிதப் பட்டையால் ஒட்டினார். கூடத்தின் காவலர் யமினா தன் நாற்காலியில் இருந்தபடியே அதை வேடிக்கை பார்த்தாள்.

“முசியே துபோக், சுவர் அடிக்க வந்தீங்களா, படம் போட வந்தீங்களா?”

“தரைக்கு அந்த வித்தியாசம் தெரியாது மதாம். சொட்டுனா சொட்டுனதுதான்.”

“அந்த உப்புத்தாளை மட்டும் பைக்குள்ளயே வெச்சுக்கோங்க. இங்க தூசி கிளப்பினீங்கன்னா என்னையும் சேத்து வெளியே அனுப்பிடுவாங்க.”

மூலத்தைவிடப் பெரிய கித்தானை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். வீட்டுச்சுவருக்கு அளவெடுத்துச் செய்வித்தாராம். அளவுகளில் அவர் ஒரு நூலிழையும் பிசகவில்லை; படகுகளும் துறையும் வானமும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. தொல்லை நிறத்தில்தான் தொடங்கியது. வெண்பனிக்காக வெள்ளை நிறத்தைப் பெரிய குழாயாக வாங்கி வந்திருந்தார். படத்தைப் பார்த்தார், நிறம் கலக்கும் தட்டைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“மதாம், உங்க கண்ணு நல்லா இருக்கா?” என்று என்னிடம் கேட்டார்.

“கண்ணாடி போட்டா நல்லா இருக்கு.”

“அந்தப் பனியில வெள்ளை எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்.”

இருவரும் தேடினோம். நீலம் இருந்தது, கத்தரிப்பூ நிறம் இருந்தது, வெண்ணெயின் மஞ்சள் இருந்தது, ஓரிடத்தில் ரோஜா நிறம்கூட இருந்தது. வெள்ளை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

“ஏமாத்துக்காரன்!” என்று சொல்லிவிட்டு, அன்று காலை முழுவதும் நிறங்களைக் கலந்துகொண்டிருந்தார். வாடிக்கையாளர் கொண்டுவரும் ஒரு துண்டுத் துணிக்கு ஏற்ப நிறம் கலந்து கொடுத்தவர் ஆதலால், அதையும் விரைவிலேயே கைக்குக் கொண்டுவந்துவிட்டார். சனவரி முடிவதற்குள் படம் ஏறத்தாழ உருவாகிவிட்டது. ஆனால், ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் அந்த மென்மயிர்த் தூரிகையை எடுத்துக் கித்தான்மேல் கீழிருந்து மேலாக ஒருமுறை இழுத்துவிடுவார். மறுகணமே அன்றைய கோடுகள் எல்லாம் அடங்கிவிடும்.

ஒரு நாள் லீல் நகரத்திலிருந்து வந்திருந்த முதிய தம்பதியர் நெடுநேரம் அவர் முதுகுக்குப்பின் நின்றார்கள். “உங்களுது அதைவிடச் சுத்தமா இருக்கு முசியே” என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனார். ரெமியின் காதுகள் சிவந்துவிட்டன. அன்று மாலை எனக்கும் யமினாவுக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரியின் முதல் ஞாயிறன்று அர்லெத் வழக்கம்போல வந்தாள். ரெமி இம்முறை காப்பிக்கடையில் காத்திருக்கவில்லை. அவளோடு படியேறி வந்து, கித்தானை நிறுத்திய தாங்கியின்மேல் போட்டிருந்த துணியை விலக்கினார். நான் அன்று ஒரு தோழியை அழைத்து வந்திருந்ததால் அருகிலேயே நின்றேன்.

அர்லெத் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். மறுபக்கம் சாய்த்தும் பார்த்தாள்.

“அழகான கதவு” என்றாள்.

“என்னது?”

“கதவுன்னேன். நல்லா வழவழன்னு இருக்கு. கைப்பிடி எங்க வெக்கப் போற?”

யமினா அவசரமாக அடுத்த கூடத்துக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அவள் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. ரெமியின் முகம் சுருங்கியது. “எல்லாம் அதே மாதிரிதானே இருக்கு? எந்தப் படகு இல்ல, சொல்லு” என்று கேட்டார்.

“எல்லாம் இருக்கு. காத்துதான் இல்ல.” அவள் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். “ரெமி, நீ இத்தனை நாளா இந்தப் படத்தை எட்டத்துல இருந்து அளவெடுத்திருக்க. ஒரு தடவையாவது கிட்டப் போய்ப் பாத்தியா? படத்தைச் சொல்றேன், சுவரை இல்ல.”

மறுநாள் காலையில் அவர் வண்ணப்பெட்டியையும் திறக்கவில்லை, தூரிகையையும் எடுக்கவில்லை. நேராகப் படத்திடம் போய் மூக்கை நீட்டினார். உடனே எச்சரிக்கை மணி கூவியது. யமினா எழுந்து வந்தாள்.

“இப்படி இல்ல முசியே. கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கோங்க. கால் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. இப்ப இடுப்பை மட்டும் வளைங்க. ம்ம், அவ்வளவுதான். பழக்கப்பட்டவங்க எல்லாம் இப்படித்தான் பாப்பாங்க. மதாம் துபோக் கொக்கு மாதிரி நின்னுக்கிட்டு ஒரு மணி நேரம் பாப்பாங்க.”

அவர் அப்படியே வளைந்து நின்றார். நான் என் பீச் பழங்களுக்குத் திரும்பினேன். சற்று நேரத்தில் அவர் எழுப்பிய குரலில் என் தூரிகை நழுவியது.

“முடி!”

“என்ன முசியே துபோக்?”

“முடி மதாம், முடி! பிரஷ்ஷு முடி! கடைசிப் படகுக்கு மேல, பனியில, அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. பன்னி முடி! யமினா, இங்க வாங்க. இதை யாராவது கவனிச்சீங்களா?”

நாங்கள் மூவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக வளைந்தோம். அவர் சொன்னது உண்மையே. தடித்த நீலப்பூச்சுக்குள் பாதி புதைந்து, பாதி வெளியே நீட்டிக்கொண்டு, கண்ணிமையளவு நீளமுள்ள ஒரு முடி இருந்தது.

“முதலாளி ஓசூ பாத்திருந்தா…” என்று தொடங்கிய ரெமி, வாக்கியத்தை முடிக்காமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்று முழுவதும் அவர் படத்துக்கும் பெஞ்சுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு நடைக்கும் ஒன்றைக் கண்டுபிடித்தார். துறையின் ஓரத்தில் பூச்சே இல்லாமல் கித்தானின் பழுப்பு நிறம் தெரிந்தது. சுமை தூக்கிச் செல்பவனின் முதுகு முழுவதும் ஒரே இழுப்பு. தலை ஒரு பொட்டு. புகைபோக்கியின் புகையைத் தூரிகையால் அல்லாமல் கட்டைவிரலால் தேய்த்திருந்தார் ஓவியர், ரேகைகூடத் தெரிந்தது.

போகும்போது என்னிடம், “ஒரு இடத்துலகூட அந்த ஆளு திரும்பி வரல மதாம்” என்றார். கோபமா வியப்பா என்று அந்தக் குரலிலிருந்து சொல்ல முடியவில்லை. “எங்க வேலையில பாதி திரும்பி வர்றதுதான். போட்டுட்டுத் திரும்பி வந்து சரி பண்ணுவோம். இவன் போட்டான், போயிட்டான்.”

அந்த வார ஞாயிறன்று என்னை மதிய உணவுக்கு அழைத்திருந்தார்கள். காலியான நீளச்சுவரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முயற்கறியும், இதய வடிவப் பாலாடைக்கட்டியும் மேசைக்கு வந்தன. அதுவரை பொறுத்திருந்த ரெமி, “அர்லெத், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் படத்துல ஒரு…” என்று தொடங்கினார்.

“முடி இருக்கு. கடைசிப் படகுக்கு மேல. ரொட்டியை இப்படித் தள்ளு” என்றாள் அர்லெத்.

ரெமியின் கத்தி பாலாடைக்கட்டியிலேயே நின்றது. “உனக்குத் தெரியுமா?”

“நான் அந்தப் படத்தை எத்தனை வருஷமா பாக்குறேன்!”

“தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ ஏணியும் உப்புத்தாளுமா மேல ஏறியிருப்ப. எனக்கு அது வேணும், ரெமி. அந்த முடியைப் பாக்குறப்பதான் வரைஞ்ச ஆளு பனியில நிக்கிறது தெரியுது. விரல் விறைச்சுப் போச்சு. பனி உருகப் போவுது. வெளிச்சம் போவுது. முடி ஒட்டினதைப் பாக்க அவனுக்கு நேரம் ஏது? நீ கதவு போடுறப்ப கதவு எங்கயும் ஓடாது. பனி ஓடிடும்.”

ரெமி நெடுநேரம் மென்றுகொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா மதாம், பேச்சை? நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் கேரட் வேக வெச்சவ” என்றார். குறை சொல்லும் குரலாக அது இல்லை. அண்டை வீட்டாரிடம் தன் மகளின் மதிப்பெண்ணைச் சொல்லும் தந்தையின் குரல்.

திங்கட்கிழமை வந்ததும் அவர் செய்த முதற்காரியம், அந்த வழவழப்பான படத்தைச் சுரண்டியெடுத்ததுதான். வேறு கித்தானுக்கு அனுமதியில்லை. வாரக்கணக்கில் உழைத்ததைப் பட்டி வைக்கும் தகட்டால் இழுத்து இழுத்துத் துடைத்தார். நான் பார்க்க மாட்டாமல் என் பீச் பழங்களின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரோ சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தார், பழைய பூச்சைச் சுரண்டுவது அவருக்குப் பழகிய வேலை. வீட்டுக்கு எடுத்துச் சென்று புதிதாகத் தளம் என்னும் அடிப்பூச்சு பூசி உலரவைத்துக் கொண்டுவந்தபோது, பிப்ரவரியில் பாதி போய்விட்டிருந்தது.

அதன்பிறகே உண்மையான போராட்டம் தொடங்கியது. ஓர் இழுப்பை இழுத்துவிட்டு விலகி நிற்பது அவருக்கு நடுத்தெருவில் சட்டையில்லாமல் நிற்பதைப்போல இருந்தது. மனம் ஒப்பினாலும் கை ஒப்பவில்லை. நிறத்தை வைத்த கணமே, இடக்கை தானாகப் பைக்குள் நுழைந்து மென்மயிர்த் தூரிகையைத் தேடும். அப்போதெல்லாம் யமினா நாற்காலியிலிருந்தபடியே தொண்டையைச் செருமுவாள்.

“நான் ஒண்ணும் பண்ணலையே!”

“உங்க கை பண்ணப் பாத்துச்சு, முசியே.”

கடைசியில் அவரே அந்தத் தூரிகையைத் துணியில் சுற்றி யமினாவிடம் கொடுத்தார். அவள் அதைக் குடைகள் வைக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

“சாயங்காலம் போறப்ப கேட்டாலும் குடுக்காதீங்க” என்றார் அவர்.

“அழுதாலும் குடுக்கமாட்டேன்.”

திரும்பிவரக் கூடாதென்றால், போகுமுன்பே தீர்மானித்துவிட வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். ஆகவே, ஓர் இழுப்புக்காகக் கால்மணி நேரம்கூடப் படத்தின்முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினார். வெள்ளையுடையில் அப்படி நிற்பவரை ஊழியர் என்று எண்ணி, வருகையாளர்கள் கழிப்பறைக்கு வழி கேட்டார்கள். அவரும் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, “கீழ இறங்கி வலது பக்கம். கதவு பச்சை. நான் பூசினதுதான்” என்று சொல்லி அனுப்புவார். பிறகு திடீரெனத் தாங்கியிடம் போய், ஒரே இழுப்பு. உடனே தூரிகையைக் கையைச் சுடும் நெருப்பைப்போலக் கீழே வைத்துவிடுவார். சில நாட்களில் ஒரு படகு பிறந்தது. சில நாட்களில் ஒன்றுமே பிறக்கவில்லை.

மார்ச் மாதம் அவருக்காக நிற்கவில்லை. பெட்டி செய்பவர்கள் வந்து ஓவியங்களை அளந்து போனார்கள். என் பீச் பழங்கள் எப்படியோ முடிந்தன. ரெமியின் கித்தானில் வானம் இருந்தது, ஆறு இருந்தது, துறையும் சுமைகாரனும் இருந்தார்கள். வலது கீழ்மூலை மட்டும் வெறும் தளமாகக் கிடந்தது. கடைசிக் காலையில், பிற்பகலுக்குள் கூடத்தை ஒழித்துத் தரவேண்டும் என்ற நிலையில், அவர் அந்த மூலையைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தபோது அர்லெத் படியேறி வந்தாள்.

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே!” என்று திடுக்கிட்டார் ரெமி.

“டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். நகரு.”

அவள் முதலில் மூலத்தின்முன் நின்று அதற்கு விடை கொடுத்தாள். கடல் கடந்து போகும் உறவினரை வழியனுப்புவதைப்போல, அவசரப்படாமல் ஒவ்வொரு படகாகப் பார்த்தாள். பிறகு திரும்பி, ரெமியின் கித்தானுக்கு எதிரே கூடத்தின் மறுகோடிவரை பின்வாங்கிப் போய் நின்றாள். அங்கிருந்து மெல்ல மெல்ல அருகே வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இடுப்பை வளைத்தாள். யமினா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். நானும் என் பொருட்களைக் கட்டுவதை நிறுத்தினேன். ரெமி தொப்பியைக் கழற்றிக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“சுமைகாரனுக்குத் தோள் வலிக்குது” என்றாள் அர்லெத், நிமிராமலேயே.

“நல்லதா, கெட்டதா?”

“அவனுக்குக் கெட்டது.”

அவள் வலதுபுறம் நகர்ந்தாள். “இந்த மூலை என்ன?”

“முடிக்க முடியல, அர்லெத். நேரம் பத்தல. வீட்டுக்குக் கொண்டுபோய் நினைவுலேர்ந்து போட்டுடுறேன். ரெண்டு நாள் போதும். அங்க நீலம் வரணும், கொஞ்சம் மஞ்சள்…”

“வேண்டாம்.”

“வெறும் தளம் தெரியுதே! ஊர்ல யாராவது பாத்தா என்ன சொல்லுவாங்க? துபோக் பாதியில போயிட்டான்னு சொல்லமாட்டாங்க?”

“சொல்லட்டும். அந்த மூலைக்குப் போறதுக்குள்ள வெளிச்சம் போயிடுச்சு. அவ்வளவுதான்.”

ரெமியின் பார்வை படகின் விளிம்பில் புடைத்து நின்ற ஒரு பூச்சின்மேல் போய் நிலைத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது; யமினாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் விரல் தானாக நீண்டது. தூரிகை இல்லாவிட்டால் விரலாலாவது அந்தப் புடைப்பை அமர்த்திவிடுவதென்று அது கிளம்பிவிட்டது. கித்தானைத் தொடுவதற்கு ஒரு நூலிடை இருக்கையில், அர்லெத் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுக்கு மேல ஒரு தடவை தொட்டன்னா, நான் உன்கூட வீட்டுக்கு வரமாட்டேன். இங்கயே யமினாகூட உக்காந்துக்குவேன்.”

“அஞ்சு மணிக்கு மூடிடுவோம், மதாம்” என்றாள் யமினா.

“அப்ப அஞ்சு மணி வரைக்கும் உக்காருறேன்.”

ரெமி அவள் முகத்தைப் பார்த்தார். “அப்படின்னா… சுவர்ல ஏறுமா?” என்று கேட்டார். நாற்பதாண்டுகளில் எந்த வாடிக்கையாளரிடமும் அவர் அவ்வளவு அஞ்சிக் கேட்டிருக்கமாட்டார்.

“பின்ன எதுக்கு டிக்கெட் வாங்கி வந்தேன்? எடு, இன்னும் காயல, இடிச்சுக்காம கொண்டுபோவணும்.”

அவள் பிடியிலிருந்த கையை அவர் உடனே விடுவித்துக்கொள்ளவில்லை. அப்படியே நின்று, அந்த வெறும் மூலையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, தரையில் விரித்திருந்த துணியின் ஓரப்பட்டைகளைப் பிரிக்கக் குனிந்தார்.

ஈஸ்டர் ஞாயிறன்று நானும் யமினாவும் அவர்கள் வீட்டில் விருந்துண்டோம். நீளச்சுவரில் வெண்பனி இருந்தது. ஆட்டுத்தொடை வெட்டுவதற்குமுன் அர்லெத் எங்களுக்கு இடங்களைக் காட்டினாள். ஒவ்வொரு நாற்காலியிலிருந்தும் படம் எப்படித் தெரியும் என்பதை முன்பே உட்கார்ந்து பார்த்துத் தீர்மானித்திருந்தாள். ரெமி மட்டும் தாம் வழக்கமாக அமரும் இடத்தை விட்டுவிட்டு, சுவருக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தார்.

“உங்க படத்தை நீங்களே பாக்கலையா, முசியே?” என்று யமினா கேட்டாள்.

“பாத்தா கை அரிக்குது மதாம். முள்ளுக்கரண்டியோட எழுந்து போயிடுவேன்” என்றார்.

அர்லெத் அவர் தட்டில் கறியையும் அவரைவிதைகளையும் நிறையப் பரிமாறினாள். தன் தட்டையும் நிரப்பிக்கொண்டு, அவருக்கு எதிரே, படத்தை நேராகப் பார்க்கும்படி அமர்ந்தாள். எல்லாரும் தட்டின்மேல் குனிந்தோம். சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்தது.

“அந்த வலது மூலை எப்படி இருக்கு?” என்றார் ரெமி, திரும்பிப் பார்க்காமல்.

அர்லெத் நிமிர்ந்து அவர் தலைக்குமேல் ஒருமுறை பார்த்தாள்.

“அப்படியேதான் இருக்கு. சாப்பிடு” என்றாள்.